கேள்வி நமக்கும்தான்

நேயர்களுக்கு வணக்கம்.

தொலைக்காட்சியில் வினாடி வினா ஓடும்போது யாரும் வாய்மூடி உட்கார்ந்து பார்ப்பதில்லை. கேள்வி திரையில் விழுந்ததும் கூடத்திலிருந்து ஒரு பதில் வரும், சமையலறையிலிருந்து இன்னொரு பதில் வரும். நெடுந்தொடர் பார்ப்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசமே இதுதான். இங்கே பார்ப்பவரும் ஆட்டக்காரர். இந்த நிகழ்ச்சிகளைப் பற்றிப் பார்வையாளர்கள் சலித்துக்கொள்வதைக் கவனித்துக் கேட்டால், பெரும்பாலான குறைகள் ஒரே இடத்தில் போய் முட்டும்: வீட்டில் இருப்பவர் ஆடுவதற்கு நிகழ்ச்சியின் அமைப்பு இடம் கொடுக்கவில்லை. அந்த இடம் எங்கெங்கே பறிபோகிறது, அதை எப்படித் திருப்பித் தரலாம் என்பதுதான் இன்றைய பேச்சு.

நமக்கு நன்றாகப் பழகிய அமைப்பையே எடுத்துக்கொள்வோம். 1998 செப்டம்பர் 4 அன்று பிரிட்டனின் ஐடிவி அலைவரிசையில், கிறிஸ் டாரன்ட் நடத்த, ‘ஹூ வான்ட்ஸ் டு பி எ மில்லியனர்’ தொடங்கியது. 2000 ஜூலை 3 அன்று அமிதாப் பச்சனோடு ‘கோன் பனேகா குரோர்பதி’ என்று இந்திக்கு வந்தது. 2012இல் விஜய் தொலைக்காட்சியில் சூர்யா நடத்திய ‘நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி’, 2019 டிசம்பரில் கலர்ஸ் தமிழில் ராதிகா நடத்திய ‘கோடீஸ்வரி’ எல்லாம் அதே எலும்புக்கூடுதான். நான்கு விடைகள், ஏறிக்கொண்டே போகும் பணப் படிக்கட்டு, நடுவில் தவறினாலும் கீழே விழாத இரண்டு பத்திரமான படிகள், ஆபத்துக்கு உதவ லைஃப்லைன்கள்.

இதில் ஒரு கேள்வி எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். “இவற்றில் மேற்கு நோக்கிப் பாயும் ஆறு எது? காவிரி, கோதாவரி, நர்மதை, கிருஷ்ணா.” நல்ல கேள்வி இது. விடை தெரியாதவரும் இந்திய வரைபடத்தை மனதில் விரித்துக் கண்டுபிடித்துவிடலாம். காவிரி பூம்புகாரில் கடலில் சேர்கிறது, அது கிழக்கு. கோதாவரியும் கிருஷ்ணாவும் ஆந்திரக் கரையில் கலக்கின்றன, அதுவும் கிழக்கு. மிச்சம் நர்மதை. இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக் கண்டுபிடிக்கப் பத்து, பதினைந்து நொடி போதும். அந்தப் பதினைந்து நொடிதான் வீட்டில் இருப்பவருக்கு ஆட்டம். அதற்குள் “உங்கள் ஊரில் ஆறு உண்டா?” என்று தொகுப்பாளர் பேச்சைத் தொடங்கிவிட்டால், கேள்வி திரையிலிருந்து போய்விடும், போட்டியாளரின் முகம் முழுத்திரைக்கு வந்துவிடும். யோசித்துக்கொண்டிருந்தவருக்கு நான்காவது விடை என்னவென்று மறந்துபோகும்.

விடையைச் சொல்லி ‘லாக்’ செய்த பிறகு, அதாவது இதுதான் முடிவான விடை என்று உறுதி செய்த பிறகு, நடப்பது வேறு கதை. இசை ஏறுகிறது, தொகுப்பாளர் திரையைப் பார்க்கிறார், போட்டியாளரைப் பார்க்கிறார், பார்வையாளர் வரிசையில் அவருடைய அம்மாவைப் பார்க்கிறார். இந்த நேரத்தில் வீட்டில் இருப்பவருக்கு வேலையே இல்லை. அவர் தன் விடையை எப்போதோ சொல்லிவிட்டார். நேயர்களின் கோபம் இங்கேதான் பிறக்கிறது. “ரொம்ப இழுக்கிறார்கள்” என்று பொதுவாகச் சொன்னாலும், இழுவையில் இரண்டு வகை உண்டு. லாக் செய்வதற்கு முன்னால் போட்டியாளர் வாய்விட்டு யோசித்தால், “கோதாவரி இல்லை, அது ராஜமுந்திரி பக்கம்” என்று ஒவ்வொன்றாகத் தள்ளினால், எத்தனை நிமிடம் போனாலும் சலிக்காது. பார்ப்பவரும் கூடவே தள்ளிக்கொண்டிருப்பார். லாக் செய்த பின் வரும் நிமிடங்கள்தான் வெற்று நிமிடங்கள். தயாரிப்பாளர்கள் வெட்ட வேண்டிய இடம் அதுதான். பெரும்பாலும் அவர்கள் முன்னதை வெட்டிவிட்டுப் பின்னதை வைத்துக்கொள்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். இந்தியாவில் கேபிள் தொலைக்காட்சி விதிப்படி ஒரு மணி நேரத்தில் விளம்பரமும் சொந்த முன்னோட்டங்களும் சேர்ந்து 12 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. மீதி 48 நிமிடம். ஒரு கேள்விக்கு நான்கு நிமிடம் என்றால் பன்னிரண்டு கேள்வி. அறிமுகக் காணொலி, குடும்பத்தோடு பேச்சு, சிறப்பு விருந்தினர் எல்லாம் சேர்ந்தால் அது எட்டாகவும் குறையும். அமெரிக்காவின் ‘ஜெபர்டி’ என்ற வினாடி வினாவில் அரை மணி நேர ஒளிபரப்புக்குள் முதல் சுற்றில் 30, இரண்டாம் சுற்றில் 30, கடைசியில் ஒன்று என 61 குறிப்புகள் இருக்கின்றன. அங்கே கேள்வியைக் குறிப்பு என்பார்கள். இரண்டையும் ஒரே தராசில் நிறுத்துவது சரியில்லைதான். ஒன்று பந்தயம், மற்றொன்று அறிவோட்டம். கோடி ரூபாய்க்கான கேள்வியில் தவிப்பு வேண்டும், அதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஐயாயிரம் ரூபாய்க் கேள்விக்கும் அதே மத்தளம் கொட்டினால் மேலே போகும்போது கொட்ட என்ன இருக்கும்?

பிரிட்டனின் மில்லியனர் நிகழ்ச்சியில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். 2007இல் 15 கேள்விகளை 12 ஆகக் குறைத்து, 100 பவுண்டில் தொடங்கிய படிக்கட்டை 500 பவுண்டில் தொடங்கினார்கள். கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடக்கூடிய அடிப்படிகள் போயின. நல்ல திருத்தம் என்பேன். “தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவர் யார்?” என்று கேட்டுவிட்டு ராஜராஜனோடு அக்பரையும் நெப்போலியனையும் நிறுத்தும் கேள்விகளில் நேயருக்கு என்ன ஆட்டம் இருக்கிறது?

விளம்பர இடைவேளைக்கு வருவோம். விடை சொல்லி, லாக் செய்து, சரியா தவறா என்று சொல்லும் நேரத்தில் “சின்ன இடைவேளைக்குப் பிறகு” என்பார்கள். ஆளைப் பிடித்து வைக்கும் உத்தி அது, வேலையும் செய்கிறது, எரிச்சலும் ஊட்டுகிறது. இதே இடைவேளையைக் கேள்வியும் நான்கு விடைகளும் வந்த பிறகு, போட்டியாளர் வாய் திறப்பதற்கு முன் வைத்தால் என்ன ஆகும்? விளம்பரம் ஓடும் மூன்று நிமிடமும் வீட்டில் விவாதம் நடக்கும். பையன் நர்மதை என்பான், தாத்தா தபதியும் மேற்கேதானே போகிறது, அதை ஏன் போடவில்லை என்பார். இடைவேளையே ஆட்டமாகிவிடும். நிகழ்ச்சி முன்பே பதிவானது, ஆகவே நேயர் கைபேசியில் தேடிப் பார்த்தாலும் போட்டியின் முடிவு மாறப்போவதில்லை. ஒரு காசு செலவில்லாத திருத்தம் இது, படத்தொகுப்பு மேசையில் வெட்டும் இடத்தை மாற்றினால் போதும்.

நேரம் முடிந்ததாகச் சங்கு ஒலித்து, போட்டியாளர் பாதிப் படியில் நிற்க, “நாளை தொடர்வோம்” என்பது இன்னொரு வழக்கம். நாள்தோறும் வரும் நிகழ்ச்சியில் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். வார இறுதியில் மட்டும் வரும் நிகழ்ச்சியில் ஐந்து நாள் இடைவெளி விழுகிறது. யார், எந்தப் படி, எந்த லைஃப்லைன் மிச்சம் என்பதெல்லாம் யாருக்கு நினைவிருக்கும்?

மெதுவாகப் போகிறது என்ற குறைக்குக் கடிகாரம்தான் மருந்து என்று மில்லியனரின் அமெரிக்கப் பதிப்பில் நினைத்தார்கள். 2008இல் முதல் ஐந்து கேள்விகளுக்கு 15 நொடி, அடுத்த ஐந்துக்கு 30 நொடி, அதற்கு மேல் 45 நொடி என்று வைத்தார்கள். வேகம் வந்தது. வாய்விட்டு யோசிப்பது போயிற்று. முன்பு சொன்னேனே, லாக் செய்வதற்கு முன்னால் உள்ள நல்ல நிமிடங்கள் என்று, கடிகாரம் வெட்டியது அதைத்தான். இரண்டு ஆண்டுகளில், 2010இல், கடிகாரத்தை எடுத்துவிட்டு அதைவிடப் பெரிய மாற்றத்தைச் செய்தார்கள். முதல் சுற்றின் பத்துக் கேள்விகளையும், 100 டாலரிலிருந்து 25,000 டாலர் வரையான பத்துத் தொகைகளையும் தனித்தனியே கலைத்துப் போட்டார்கள். கேள்வி எளிதா கடினமா என்பதற்கும் அதன் பணத்துக்கும் தொடர்பே இல்லை. விடை சொன்ன பிறகுதான் தொகை தெரியும். பணப் படிக்கட்டு என்ற ஒன்றுதான் அந்த நிகழ்ச்சியைப் புதிதாகப் பார்க்க உட்காருபவருக்கும் ஒரே பார்வையில் எல்லாம் விளங்க வைத்தது. அதைக் கலைத்ததால் எதற்காகப் பதறுவது என்றே பார்ப்பவருக்குப் புரியாமல் போயிற்று. 2015இல் பழைய படிக்கட்டுக்கே திரும்பினார்கள்.

நண்பருக்குப் போன் செய்யும் லைஃப்லைனின் கதை வேறு. 30 நொடிதான் தருவார்கள். 1998இல் அந்த 30 நொடியில் நண்பரின் மூளை மட்டுமே வேலை செய்தது. இணையத் தேடல் வந்த பிறகு நண்பர் தட்டச்சு செய்யும் சத்தம்தான் மிச்சம். அமெரிக்காவில் 2010 ஜனவரியில் அதை நீக்கினார்கள். பிரிட்டனில் 2018இல் நிகழ்ச்சி மீண்டு வந்தபோது, அந்த உதவியை வைத்துக்கொண்டு, நண்பர் பக்கத்தில் தயாரிப்புக் குழுவின் ஆள் ஒருவரை உட்கார வைத்தார்கள். நீக்குவதைவிட இது மேல். போட்டியாளருக்குத் தெரிந்த ஒருவர் திணறுவதையும், சட்டென்று சொல்லி அசத்துவதையும் கேட்பதில் ஓர் ஈர்ப்பு இருக்கிறது.

வீட்டு நேயரை மனதில் வைத்து விதியையே மாற்றியதற்குச் சிறந்த உதாரணம் ஜெபர்டிதான். 1984இல் தொகுப்பாளர் அலெக்ஸ் டிரெபெக்கோடு அது மீண்டும் தொடங்கியபோது, குறிப்பு திரையில் தெரிந்ததுமே போட்டியாளர் பொத்தானை அழுத்தலாம். கை வேகமானவர்கள் முதல் மூன்று சொல்லிலேயே அழுத்திவிட்டார்கள். வீட்டில் இருப்பவர் படித்து முடிப்பதற்குள் விடை வந்துவிடும். அடுத்த ஆண்டே விதியை மாற்றினார்கள். தொகுப்பாளர் கடைசி அசையை வாசித்து முடித்ததும், அரங்கில் அமர்ந்திருக்கும் ஒருவர் பொத்தான்களைத் திறந்துவிடுவார், பலகையின் ஓரத்தில் விளக்கு எரியும். அதற்கு முன் அழுத்தினால் கால் நொடி பூட்டிக்கொள்ளும். போட்டியாளரின் வேகத்தைக் கொஞ்சம் கட்டிப்போட்டு, பார்ப்பவருக்கு முழுக் கேள்வியைக் கொடுத்த திருத்தம் அது.

பிரிட்டனின் ‘யுனிவர்சிட்டி சேலஞ்ச்’ 1962 முதல் எதிர்வழியில் போகிறது. 10 மதிப்பெண் தொடக்கக் கேள்வியில் எங்கே வேண்டுமானாலும் குறுக்கிடலாம், தவறினால் 5 மதிப்பெண் போகும், கேள்வி முழுதாக எதிரணிக்கு வாசிக்கப்படும். சரியாகச் சொல்லிவிட்டால் மீதிக் கேள்வி என்னவென்று நமக்குத் தெரிவதே இல்லை. மாணவர் அணிகளின் மின்னல் வேகத்தைப் பார்க்கும் நிகழ்ச்சி அது என்று தெரிந்தே உட்காருவதால் அங்கே அது பொருந்துகிறது. ‘வீக்கஸ்ட் லிங்க்’ என்ற இன்னொரு வினாடி வினாவில் அதிகம் தெரிந்தவரையே மற்றவர்கள் வாக்குப் போட்டு வெளியேற்றலாம். அதைப் பார்ப்பது எனக்கு எப்போதும் மனத்தாங்கல்தான்.

தமிழில் இன்னொரு சிக்கல் கேள்வியின் வாசகத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதி மொழிபெயர்த்த கேள்விகள் இப்படி வரும்: “2008ஆம் ஆண்டு பெய்ஜிங்கில் நடைபெற்ற ஒலிம்பிக் போட்டியில் 10 மீட்டர் ஏர் ரைபிள் பிரிவில் தங்கப் பதக்கம் வென்றதன் மூலம் தனிநபர் பிரிவில் ஒலிம்பிக் தங்கம் பெற்ற முதல் இந்தியர் என்ற பெருமைக்குரியவர் பின்வருவோரில் யார்?” இப்படி எழுதும்போது வினாச்சொல் கடைசியில் நிற்பதால், எதைக் கேட்கிறார்கள் என்பது முடிவில்தான் தெரியும். அதுவரை எல்லாவற்றையும் நேயர் மனதில் சுமக்க வேண்டும். ரைபிள் என்று சொன்ன உடனே பாதி விடையும் கொடுத்தாயிற்று. “ஒலிம்பிக்கில் தனிநபர் பிரிவில் தங்கம் வென்ற முதல் இந்தியர் யார்?” என்றால் போதும். மூன்று நொடியில் கேள்வி முடியும், மிச்ச நேரம் யோசிக்க. அபினவ் பிந்த்ரா என்று விடை வந்த பிறகு பெய்ஜிங்கையும் ரைபிளையும் சொல்லலாம், தெரியாதவருக்கு அது ஒரு செய்தியாகவும் இருக்கும்.

எழுத்து திரையில் நிற்பதும் அதே அளவு முக்கியம். மதுரையைச் சேர்ந்த கௌசல்யா கார்த்திகா, கேட்கவும் பேசவும் இயலாதவர், 2020 ஜனவரியில் ‘கோடீஸ்வரி’யில் 1 கோடி ரூபாய் வென்றார். அவரைப் போன்றவர்கள் வீட்டிலும் பார்க்கிறார்கள். கேள்வியும் விடைகளும் லாக் ஆகும்வரை திரையின் கீழ்ப்பகுதியில் இருக்கட்டும், முகத்தை மேலே காட்டலாம்.

நேயரை ஆட்டத்தில் சேர்ப்பதாகச் சொல்லிச் செய்த ஏற்பாடுகளும் உண்டு. 2007இல் ‘கோன் பனேகா குரோர்பதி’யின் மூன்றாம் பருவத்தில் வீட்டிலிருந்தே குறுஞ்செய்தியில் பதில் அனுப்பலாம், ஒரு செய்திக்கு 2 ரூபாய் 40 காசு. பரிசுப் பணம் அந்தக் குறுஞ்செய்தி வருமானத்திலிருந்தே வந்ததா என்ற வழக்கு தேசிய நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிற்று. ஆணையம் 2008இல் ஒரு கோடி ரூபாய் அபராதம் விதித்தது, பின்னாளில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சட்டம் எப்படிச் சொன்னாலும், பல லட்சம் பேர் சரியாகச் சொல்லக்கூடிய ஓர் எளிய கேள்விக்குக் காசு வாங்கிக் குலுக்கலில் ஒருவரை எடுப்பது சீட்டுக் குலுக்கல்தான். தெரிந்தவருக்கும் குருட்டாம்போக்கில் அழுத்தியவருக்கும் அதில் வித்தியாசம் இல்லை.

செயலி வழியாகக் கூடவே விளையாடும் ஏற்பாடு அதைவிட நேர்மையானது. அதிலும் ஓர் இடறல் இருக்கிறது. ஒரே காட்சி கேபிளில் ஒரு நேரம், டிடிஎச்சில் சில நொடி தள்ளி, இணைய ஒளிபரப்பில் இன்னும் பல நொடி தள்ளி வருகிறது. செயலியின் கேள்வி கேபிளோடு சேர்ந்து திறந்தால், இணையத்தில் பார்ப்பவருக்குத் திரையில் கேள்வி வருவதற்குள் செயலியில் நேரம் முடிந்துவிடும். இணையத்துக்காகத் தாமதித்தால் கேபிள்காரருக்கு விடையே முதலில் வந்துவிடும். ஒளிபரப்பின் ஒலியிலேயே காதுக்குக் கேட்காத ஒரு குறியைப் பதித்து, கைபேசியின் மைக் அதைக் கேட்டதும் அந்தக் கைபேசியில் மட்டும் கேள்வி திறப்பது போல் செய்தால் ஒவ்வொரு வீட்டுக்கும் அவரவர் நேரம் கிடைக்கும். மைக்குக்கு அனுமதி தர விரும்பாதவருக்கு, எதன் வழியாகப் பார்க்கிறார் என்று தொடக்கத்திலேயே ஒருமுறை கேட்டு, அதற்கேற்ற நொடிகளைத் தள்ளி வைக்கலாம்.

நன்றி, வணக்கம்.