துபாயில் போட்ட கையெழுத்து மேலூரில் செல்லுமா?

வணக்கம். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கமிருந்து வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் நிறையப் பேர். அதில் ஒருவருக்கு மேலூரில் உள்ள மனையை விற்க வேண்டும், லீவு கிடைக்கவில்லை என்று வையுங்கள். ஊரில் இருக்கும் தம்பிக்குப் பவர், அதாவது தனக்குப் பதிலாகக் கையெழுத்துப் போடும் அதிகாரம், எழுதிக் கொடுக்கலாம். சரி, அதில் யார் முன்னால் கையெழுத்துப் போடுவது?

[திரையில்: தூதரக கவுன்ட்டர், பாஸ்போர்ட், பவர் பத்திரம்]

இந்தியத் தூதரக அதிகாரி முன்னால் போடலாம். நம் ஊர் நோட்டரி வக்கீல் செய்கிற எந்த வேலையையும் வெளிநாட்டில் அவர் செய்யலாம். உறுதிமொழி வாங்கலாம், அபிடவிட்டில் சான்று போடலாம். 1948-ல் இதற்கென்றே வந்த சட்டத்தின் 3-ஆம் பிரிவு இந்த அதிகாரத்தைத் தருகிறது. மதுரையில் ஒரு நோட்டரி போடும் சான்றுக்கு என்ன மதிப்போ, அதே மதிப்பு இதற்கும் உண்டு. நாளைக்கு வழக்கு என்று வந்தாலும், முத்திரை உண்மைதான் என்று சொல்ல அந்த அதிகாரியைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை. முத்திரையும் கையெழுத்தும் இருந்தாலே கோர்ட் அந்த ஆவணத்தைச் சாட்சியமாக ஏற்கும். கடல் கடந்து உழைக்கிறவர்களுக்கு இது பெரிய பாதுகாப்பு.

அந்த நாடு இதற்குச் சம்மதிக்குமா என்று கேட்கலாம். தூதரக உறவுகள் பற்றிய 1963 வியன்னா உடன்படிக்கை, உள்ளூர்ச் சட்டம் தடுக்காத வரை தூதரக அதிகாரி நோட்டரியாகச் செயல்படலாம் என்கிறது.

இனி கவனமாகக் கேளுங்கள். வெளிநாட்டில் வசிப்பவர் கொடுக்கும் பவரை வைத்து இங்கே பத்திரம் பதிய வேண்டுமானால், 1908 பதிவுச் சட்டத்தின் 33-ஆம் பிரிவு பொருந்தும். இந்தியத் தூதரக அதிகாரி, நோட்டரி, நீதிபதி போன்ற ஒருவர் முன்னிலையில் கையெழுத்தாகி, அவரே சான்றும் அளித்திருக்க வேண்டும். அதனால் முந்தின நாள் இரவு ரூமில் உட்கார்ந்து எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகாதீர்கள். பேனாவைக் கவுன்ட்டரில் திறந்தால் போதும்.

அந்த அதிகாரி சான்று சொல்வது உங்கள் கையெழுத்துக்கு மட்டும்தான். மனை உங்களுடையதா, அதில் வில்லங்கம் இருக்கிறதா என்றெல்லாம் அவர் பார்ப்பதில்லை. கிரயத்தைப் பதிகிற வேலை மேலூர் சார்பதிவாளருடையது. ஆகவே சர்வே எண்ணையும் நான்கு எல்லையையும் பட்டாவோடும் மூலப் பத்திரத்தோடும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டே பவரை எழுதுங்கள்.

அப்புறம், அசல் பவர் பத்திரம் தம்பி கைக்கு வர வேண்டும். வாட்ஸ்அப் படத்தை வைத்துப் பதிய முடியாது. 1899 முத்திரைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவுப்படி, பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். வந்த தேதிக்கு ஆதாரமாகத் தேதி தெரிகிற கூரியர் கவரைத் தம்பி பத்திரத்தோடு வைத்திருக்கட்டும்.