மஞ்சள் வயரும் பச்சை வயரும்

நேயர்களுக்கு வணக்கம். டிவிடி பிளேயரின் பின்பக்கத்தை ஒருமுறையாவது எட்டிப் பார்த்திருப்பீர்கள். மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று துளைகள். பக்கத்திலேயே பச்சை, நீலம், மறுபடியும் ஒரு சிவப்பு. அப்புறம் தட்டையாக ஒன்று, அதுதான் எச்டிஎம்ஐ. தட்டையானது டிஜிட்டல், அதாவது படத்தை எண்களாக அனுப்புவது. மற்ற வீடியோ துளைகள் அனலாக், அதாவது ஏறி இறங்கும் மின்சாரமாக அனுப்புவது. ஆகவே தட்டையானதுதான் உசத்தி என்பார்கள். முடிவு சரி. காரணம்தான் இடிக்கிறது. அனலாக் என்பதாலேயே படம் கெடுவதில்லை. குற்றவாளி அந்த மஞ்சள் வயர்.

டிவிடியில் படம் எண்களாகப் பதிவாகியிருக்கிறது. அதிலும் வெளிச்சம் தனி, நிறம் தனி. மஞ்சள் வயர் ஒற்றை வயர் அல்லவா, அதில் அனுப்புவதற்காக பிளேயர் இரண்டையும் ஒன்றாகக் கலக்கிறது. டிவி அதைத் திரும்பப் பிரிக்கப் பார்க்கிறது. பாலையும் நீரையும் பிரிக்க அன்னப்பறவையால் முடியுமாம். டிவியால் முழுசாக முடியாது. அதனால்தான் நெருக்கமாகக் கோடு போட்ட சட்டையில் வானவில் நெளிகிறது. சிவப்பு எழுத்தின் ஓரத்தில் புள்ளிகள் எறும்பு வரிசை மாதிரி ஊர்கின்றன. கலந்தது பிளேயர், பழி மட்டும் டிஸ்க்குக்கு!

பச்சை, நீலம், சிவப்பு மூன்றும் சேர்ந்தது காம்பொனன்ட். இதுவும் அனலாக்தான். இதில் எனக்கு ஒரு கதை உண்டு. ஒருநாள் இரவு ஒரு துப்பறியும் படம் போட்டேன். கறுப்பு வெள்ளை. பழைய படம் போலிருக்கிறது, என்ன அழகான ஒளிப்பதிவு என்று அரைமணி நேரம் ரசித்துப் பார்த்தேன். ஒவ்வொரு முடியும் தனித்தனியாகத் தெரிந்தது. திடீரென்று ஒருவர் "அந்த நீலக் காரை விடாதே!" என்று கத்தினார். எந்த நீலக் கார்? திரையில் நிற்பதெல்லாம் சாம்பல் நிறக் கார்கள். டிவிக்குப் பின்னால் போய்ப் பார்த்தால், நீல வயரும் சிவப்பு வயரும் கழன்று தொங்கிக்கொண்டிருந்தன. பச்சை மட்டும் ஒழுங்காக இருந்தது.

அன்றைக்குத் தூக்கம் போயிற்று, ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழற்றிச் சொருகிப் பார்த்தேன். நீலத்தையும் சிவப்பையும் இடம் மாற்றினால் முகமெல்லாம் நீலம் பாரித்துவிடும். பச்சையைப் பிடுங்கினால் படமே நிற்காது. ஏனென்றால் படத்தை நிலைநிறுத்தும் சைகையும், நுணுக்கமெல்லாம் அடங்கிய வெளிச்சமும் பச்சையில்தான் போகின்றன. மற்ற இரண்டும் நிறத்துக்கு மட்டும். டிஸ்க்கிலேயே படத்தின் நான்கு புள்ளிகளுக்கு வெளிச்சப் பதிவு நான்கு, நிறப் பதிவு ஒன்றே ஒன்றுதான். நம் கண் நிறத்தில் அவ்வளவு கறார் இல்லை. மறுபடியும் சொல்கிறேன், இங்கே எதுவும் கலக்கவில்லை. அதனால்தான் பழைய குழாய் டிவியில் காம்பொனன்ட் படம் அத்தனை சுத்தமாக இருந்தது. அந்தக் குழாயே அனலாக்தானே, எண்ணை மின்சாரமாக எங்காவது ஒரு இடத்தில் மாற்றித்தான் ஆக வேண்டும்.

தட்டை டிவி வந்ததும் கணக்கு மாறிவிட்டது. காம்பொனன்டில் எண் மின்சாரமாகி, டிவிக்குள் போய்த் திரும்பவும் எண்ணாக வேண்டும். 2002-இல் வந்த எச்டிஎம்ஐயில் அந்தச் சுற்று கிடையாது. எண் எண்ணாகவே போய்ச் சேரும், ஒலியும் அதே வயரில். விலை கூடின கேபிள் போட்டால் நிறம் ஆழமாக வரும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள். அனலாக் கேபிள் மட்டமானால் படம் கொஞ்சம் கொஞ்சமாக மங்கும். எச்டிஎம்ஐ கேபிள் மட்டமானால் வெள்ளைப் பொறி பறக்கும், இல்லை திரையே இருண்டுவிடும். நடுவில் "சுமாரான நிறம்" என்று ஒன்று கிடையாது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விரலைக் காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தான். எஸ்-வீடியோவை விட்டுவிட்டேன். வெளிச்சமும் நிறமும் தனித்தனிக் கம்பியில் போகும், மஞ்சளைவிட மேல், அவ்வளவுதான். டிவிடிக்கு அடுத்த தலைமுறை டிஸ்க்கான ப்ளூரே 2006-இல் வந்தது. நகலெடுப்புக்குப் பயந்து, 2010 முடிந்த பிறகு வந்த புதிய மாடல்களில் அனலாக் வழியாகச் சாதாரணத் தரம்தான் என்று உரிம விதி வைத்தார்கள். 2013-க்குப் பிறகு அதுவும் போயிற்று.

கடைசியாக, பின்பக்கத்தில் சிவப்புத் துளை இரண்டு இருக்கும், ஒன்று ஒலிக்கு. சொருகுவதற்கு முன்னால், அதற்குப் பக்கத்தில் இருப்பது நீலமா வெள்ளையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வணக்கம்.