ஃபைனலைப் பார்க்கப் போகாதீர்கள்: என் பூல் பயணத் திட்டம்

வணக்கம் மக்களே. இன்றைக்கு வீடியோவில் டேபிளும் இல்லை, கையில் பந்து அடிக்கும் கியூவும் இல்லை. லேப்டாப், ஒரு காலண்டர், பாஸ்போர்ட், அவ்வளவுதான். வெளிநாட்டுக்குப் போய் ஒரு சர்வதேசப் பூல் (டேபிளில் பந்தைக் கியூவால் தட்டிப் பாக்கெட்டில் போடும் ஆட்டம்) போட்டியை நேரில் பார்க்கப் போகிறேன் என்று போன வீடியோவில் வாய் தவறிச் சொல்லிவிட்டேன், எந்தப் போட்டி, எப்போது, எப்படி என்று ஆளாளுக்குக் கேட்கிறீர்கள். இன்னும் டிக்கெட் போடவில்லை. திட்டம் மட்டும் ஓரளவு உருவாகிவிட்டது, அதை உங்கள் முன்னால் சத்தமாக யோசிக்கிறேன்.

முதலில் என் பழைய கூத்து ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தத் திட்டம் முழுக்க அதிலிருந்துதான் வருகிறது. சில வருடங்களுக்கு முன்னால் ஒரு பெரிய போட்டிக்குப் போனேன், பெயர் வேண்டாம். லீவு குறைவு, அதனால் கடைசி இரண்டு நாளுக்கு மட்டும் டிக்கெட் எடுத்தேன். அரையிறுதி, ஃபைனல், வேறென்ன வேண்டும் என்று நினைப்பு. யாரைப் பார்க்கப் போனேனோ அந்த ஆட்டக்காரர் முதல் நாள் ஒரு ஆட்டம் தோற்றார், தோற்றவர்கள் பக்கம் இறங்கி அடுத்த நாள் அங்கேயும் தோற்றார். அந்த இரண்டாவது தோல்வி நடந்தபோது நான் விமானத்தில் சன்னலோர சீட்டில் உட்கார்ந்து ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தேன். இறங்கி போனை ஆன் செய்தபோதுதான் தெரிந்தது. சரி, வந்தது வந்தாயிற்று என்று ஃபைனலுக்குப் போனால் அரங்கத்தின் நடுவில் ஒரே ஒரு டேபிள், எனக்குக் கிடைத்ததோ பின்வரிசை. அங்கிருந்து பந்து கடுகளவுதான் தெரியும். கடைசியில் மேலே தொங்கிய பெரிய திரையைப் பார்த்துத்தான் ஆட்டத்தைப் புரிந்துகொண்டேன். அதை வீட்டிலேயே பார்த்திருக்கலாமே!

அதனால் இந்த முறை என் விதி ஒன்றுதான். ஃபைனலைப் பார்க்கப் போகவில்லை, டேபிள்களைப் பார்க்கப் போகிறேன். நிறைய டேபிள், நிறைய ஆட்டக்காரர்கள், நான் எழுந்து நடக்க இடம். இந்தக் கண்ணோடு பார்த்தால் காலண்டரில் உள்ள பெரிய போட்டிகள் வேறு மாதிரி தெரிகின்றன.

மோஸ்கோனி கப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1994-லிருந்து நடக்கிறது, அமெரிக்காவும் ஐரோப்பாவும் மோதும் அணிப் போட்டி, பழைய அமெரிக்கப் பூல் சாம்பியன் வில்லி மோஸ்கோனி பெயரில். லண்டனில் அலெக்ஸாண்ட்ரா பேலஸில் பல முறை நடந்திருக்கிறது. கூட்டம் போடும் சத்தத்தை நீங்கள் ஸ்ட்ரீமில் கேட்டிருப்பீர்கள், கால்பந்து மைதானம் தோற்றுவிடும். ஆனால் அங்கேயும் ஒரே டேபிள்தான். 11 புள்ளியை முதலில் எட்டும் அணிக்குக் கோப்பை, ஒவ்வொரு ஆட்டமும் ஒருவர் ஐந்து ராக் (பந்துகளை அடுக்கி ஆடும் ஒரு கேம்) ஜெயிக்கும் வரைதான், உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் முடிந்துவிடும். கத்திக் கொண்டாட ஆசை இருப்பவர்கள் கண்டிப்பாகப் போங்கள். ஆட்டத்தைக் கற்றுக்கொள்ள என்றால் எனக்கு அது சரிப்படாது.

ரெயெஸ் கப்பும் அதே கதைதான், ஆனால் இதை ஒதுக்க மனசு வரவில்லை. 2024-ல் மணிலாவில் தொடங்கினார்கள், ஆசியா எதிர் உலகின் மற்ற நாடுகள், முதல் வருடமே ஆசியா 11-6 என்று ஜெயித்தது. பிலிப்பைன்ஸின் பூல் ஜாம்பவான் எஃப்ரென் ரெயெஸ் பெயரில் ஒரு கோப்பை, அவர் நாட்டிலேயே, அவரே ஆசிய அணிக்குக் கேப்டனாக உட்கார்ந்திருந்தார். சிங்கப்பூர் அலோய்ஷியஸ் யாப் அந்த அணியில் ஆடினார். பிலிப்பைன்ஸில் பூல் ஆட்டக்காரர்கள் சினிமா நட்சத்திரம் மாதிரி. ஒருநாள் போவேன், இந்த முறை இல்லை.

உலக சாம்பியன்ஷிப் என் விதிக்கு ஓரளவு பொருந்துகிறது. 128 பேர், முதல் கட்டத்தில் இரண்டு முறை தோற்றால்தான் வெளியே, அதற்கப்புறம் நேரடி நாக்கவுட். 2024-லும் 2025-லும் சவூதி அரேபியாவின் ஜெட்டாவில் நடந்தது. 2024 ஃபைனல் ஞாபகம் இருக்கிறதா, ஃபெடோர் கோர்ஸ்ட் எக்லென்ட் காச்சியை 15-14 என்று ஜெயித்தாரே, கடைசி ராக் வரை போனது. அடுத்த வருடம் அதே கோர்ஸ்ட் ஃபைனலில் கார்லோ பியாடோவிடம் 15-13 என்று தோற்றார். இந்த இரண்டு ஃபைனலையும் நான் வீட்டில் சோபாவில் படுத்துக்கொண்டு பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. அங்கே போக வேண்டுமென்றால் முதல் இரண்டு மூன்று நாளுக்குப் போங்கள், ஒரே ஹாலில் வரிசையாக டேபிள்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது.

நான் போகப் போவது டெர்பி சிட்டி கிளாசிக். சிலர் இந்தப் பெயரையே கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அமெரிக்காவில், ஜனவரி மாதம், ஒன்பது நாள். 1999-ல் தொடங்கியது. பெயரில் இருக்கும் டெர்பி, கென்டக்கி டெர்பி குதிரைப் பந்தயத்திலிருந்து வந்தது, ஏனென்றால் போட்டி லூயிவில் நகரத்தை ஒட்டி நடக்கிறது. கடந்த பல வருடங்களாக ஒஹாயோ ஆற்றுக்கு அந்தப் பக்கம், இண்டியானாவில் எலிசபெத் என்ற சின்ன ஊரில் உள்ள கேசினோ ஹோட்டலில் நடத்துகிறார்கள். விமான நிலையம் லூயிவில்தான், முகமது அலி பெயர் வைத்திருக்கிறார்கள், அவர் பிறந்த ஊர். வெளிநாட்டிலிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் வேறொரு அமெரிக்க நகரத்தில் இறங்கி இன்னொரு ஃப்ளைட் பிடிக்க வேண்டியிருக்கும். இறங்கும் முதல் ஊரிலேயே குடிவரவு, சுங்கம் எல்லாம் முடிந்து பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டும், அதனால் இரண்டு ஃப்ளைட்டுக்கும் நடுவில் ஒரு மணி நேரம் மட்டும் இருக்கும் டிக்கெட்டைப் பார்த்து, விலை குறைவு என்று குதிக்காதீர்கள். ஜனவரியில் அங்கே குளிர் உறைநிலையை ஒட்டி இருக்கும், நாம் இருக்கப் போவது ஹாலுக்குள்தான் என்பதால் ஒரு நல்ல ஜாக்கெட் போதும்.

ஏன் இந்தப் போட்டி என்றால், அங்கே ஒரு ஆட்டம் இல்லை, மூன்று. பேங்க் பூல், ஒன் பாக்கெட், நைன் பால். நைன் பாலில் டேபிளில் இருக்கும் சின்ன எண் பந்தை முதலில் தொட வேண்டும், ஒன்பதாம் எண் பந்தைப் போட்டவருக்கு ராக். பேங்க் பூலில் ஒவ்வொரு பந்தும் டேபிள் ஓரத்துக் குஷனில் மோதித் திரும்பி வந்துதான் பாக்கெட்டில் விழ வேண்டும், நேராகப் போட்டால் கணக்கில் வராது. ஒன்பது பந்து வைத்து ஆடுவார்கள், ஐந்தை முதலில் போட்டவருக்கு ராக். ஒன் பாக்கெட் அதைவிட விசித்திரம். டேபிளின் ஒரு முனையில் இருக்கும் இரண்டு மூலைப் பாக்கெட்டில் ஒன்று உங்களுக்கு, மற்றது எதிராளிக்கு. 15 பந்தில் முதலில் 8 பந்தைத் தன் பாக்கெட்டில் போட்டவர் ஜெயித்தார். கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் பந்து போடுவதை விட எதிராளியைப் போட விடாமல் கட்டிப்போடுவதுதான் அங்கே ஆட்டம். ஒரு ராக்கே சில சமயம் மணிக்கணக்கில் போகும். டிவிக்கு இது சரிப்பட்டு வராது, பார்க்கிறவன் சேனலை மாற்றிவிடுவான். பக்கத்தில் நின்று பார்த்தால்தான், அந்த வெள்ளைக் கியூ பாலைப் பந்துக் கூட்டத்துக்குப் பின்னால் நூல் பிடித்தாற்போல் கொண்டுபோய் ஒட்ட வைக்கும்போது அடடா என்று வரும். ரெயெஸ் இந்த ஆட்டத்தில் அங்கே பல முறை ஜெயித்திருக்கிறார். மூன்றிலும் சேர்த்து அதிகப் புள்ளி எடுப்பவருக்கு மாஸ்டர் ஆஃப் த டேபிள் என்று தனிப் பட்டம், அதையும் அவர் பல முறை வாங்கியிருக்கிறார்.

இன்னொரு விஷயம், இதுதான் திட்டம் போடுகிறவர்களுக்கு முக்கியம். அங்கே முன்கூட்டியே போட்ட அட்டவணை கிடையாது. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் மறுபடி சீட்டுக் குலுக்கி யார் யாருடன் என்று முடிவு செய்வார்கள். ஒரு முறை தோற்றவர் மறுபடி பணம் கட்டி ஒரே ஒரு தடவை உள்ளே வரலாம். அப்புறம், என்ட்ரி ஃபீ கட்டினால் யார் வேண்டுமானாலும் ஆடலாம் என்பதால், உலக சாம்பியன் ஒருவர் பக்கத்து டேபிளில் யாரென்றே தெரியாத ஒரு தாத்தாவிடம் திணறிக்கொண்டிருப்பார். ஆகவே வியாழக்கிழமை நாலு மணிக்கு இன்னாரைப் பார்ப்பேன் என்று எழுதி வைக்க முடியாது. நாளைத்தான் தேர்ந்தெடுக்கலாம், ஆட்டத்தை அல்ல. பேங்க் பூல் முதலில், பிறகு ஒன் பாக்கெட், கடைசியில் நைன் பால், ஒன்று முடியும் முன்பே அடுத்தது தொடங்கிவிடும். அந்த நடுப்பகுதிக்கு ஐந்து நாள் எடுத்திருக்கிறேன். ஒன் பாக்கெட்டின் பின் சுற்றுகளும் நைன் பாலின் முதல் சுற்றுகளும் ஒரே ஹாலில். நைன் பால் ஃபைனல் நடக்கும்போது நான் திரும்பி வரும் ஃப்ளைட்டில் இருப்பேன், இந்த முறை தெரிந்தேதான்.

நேரில் பார்ப்பதில் எனக்கு மிகப் பிடித்தது என்னவென்று கேட்டால் ஷாட் இல்லை, நாற்காலி. பூலில் எதிராளி ஆடும்போது நீங்கள் செய்ய ஒன்றுமே கிடையாது. டென்னிஸில் பந்து உங்கள் பக்கம் வரும், இங்கே அவர் தப்புச் செய்யும் வரை வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். கேமரா எப்போதும் டேபிளைத்தான் காட்டும். நாற்காலியில் இருப்பவர் கியூ நுனியில் சாக்பீஸைத் தேய்த்துக்கொண்டே இருப்பதும், துண்டை மடித்து மடித்துப் பிரிப்பதும், நாலாவது ராக்கும் போனபிறகு டேபிளையே பார்க்காமல் தரையைப் பார்ப்பதும் நேரில்தான் தெரியும். தோற்கிறவர்கள் எப்படி உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை ஒரு நாள் முழுக்க வேண்டுமானாலும் பார்ப்பேன்.

இரவு வேறு உலகம். போட்டி ஒரு பக்கம் முடிந்ததும் பணம் வைத்து ஆடும் தனி ஆட்டங்கள் விடிய விடிய நடக்கும், ஆக்ஷன் என்று சொல்வார்கள். நான் பார்ப்பதோடு சரி, பந்தயம் கட்ட மாட்டேன், நீங்களும் யாரோ ஒருத்தர் அன்பாகப் பேசி ‘சும்மா ஒரு கேம் போடலாமா’ என்று கூப்பிட்டால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். 1985-ல் ரெயெஸ் முதன்முதலில் அமெரிக்கா வந்தபோது சீசர் மொராலஸ் என்ற பெயரில்தான் ஆடினார், ஏனென்றால் அங்கே அவர் பெயர் தெரியும், முகம் தெரியாது. எதிரில் நிற்பது யார் என்று தெரியாமல் அன்றைக்குப் பர்சை இழந்தவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

டேபிள் பக்கத்தில் நிற்பதற்குச் சில மரியாதைகள் உண்டு. ஆட்டக்காரர் குனிந்துவிட்டால் நீங்கள் சிலை. அவர் குறி வைக்கும் கோட்டுக்கு நேராக, பாக்கெட்டுக்குப் பின்னால் நடமாடவே கூடாது. ஃபிளாஷ் போடாதீர்கள், போனை சைலண்டில் வையுங்கள். நான் வீடியோ எடுப்பதாக இருந்தால் அங்கே கேட்டுவிட்டுத்தான் எடுப்பேன், அதனால் பெரிய வ்லாக் வரும் என்று இப்போதே வாக்குக் கொடுக்கவில்லை.

விசா. எந்த நாட்டு பாஸ்போர்ட் என்பதைப் பொறுத்து இது மாறும். சில நாட்டுக்காரர்களுக்கு எஸ்டா என்ற ஆன்லைன் அனுமதி போதும், கிளம்புவதற்குக் குறைந்தது 72 மணி நேரம் முன்னால் விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. டிஎஸ்-160 படிவம், நேர்காணல், முழுச் சடங்கும் உண்டு. நேர்காணலுக்குத் தேதி கிடைக்கவே சில ஊர்களில் மாதக்கணக்கில் ஆகும், ஆகவே விசா கையில் வரும் வரை ரத்து செய்ய முடியாத எதையும் வாங்காதீர்கள். எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வது என்று கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்தேன். ‘ஒரு கேசினோவில் ஐந்து நாள்’ என்று தொடங்கினால் அங்கேயே முடிந்துவிடும். ‘பூல் போட்டி பார்க்கப் போகிறேன், பார்வையாளராக மட்டும்’ என்பதுதான் உண்மை, அதையே சொல்லப் போகிறேன். பயணக் காப்பீடும் எடுத்துவிடுங்கள், அங்கே மருத்துவச் செலவு உயிரை வாங்கும்.

கடைசியாக கியூ. கொண்டுபோவீர்களா என்றுதான் நிறையப் பேர் கேட்டீர்கள். அமெரிக்க விமானங்களில் கியூவைக் கையோடு கேபினுக்குள் எடுத்துப்போக முடியாது, தடி மாதிரிப் பயன்படுத்தலாம் என்று கணக்கு. பெட்டியோடு கீழேதான் போட வேண்டும், அதுவும் கெட்டியான உறையில். மரம் வளைந்துவிடுமோ என்ற கவலையை விட எனக்குப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. என் கியூ பழையது, நுனியில் டிப்புக்குக் கீழே இருக்கும் வெள்ளை வளையம், ஃபெரூல், தந்தம். வாங்கும்போது பெருமையாக இருந்தது. தந்தம் உள்ள பொருளை நாட்டு எல்லை தாண்டிக் கொண்டுபோக வேண்டுமென்றால் அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தப்படி அனுமதிப் பத்திரம் வேண்டும், அமெரிக்காவில் இந்த விஷயத்தில் ரொம்பக் கண்டிப்பு. பழைய கியூ வைத்திருப்பவர்கள் போவதற்கு முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். என்னுடையது அலமாரி மேலே ஏறிவிட்டது. அதுவும் நல்லதுதான், கையில் கியூ இருந்தால் என்ட்ரி ஃபீ கட்டி உள்ளே போய்விடுவேன், உங்களுக்கும் என்னைத் தெரியுமே.

சரி, இப்போது ஃபோட்டோ எடுக்கப் போக வேண்டும். விசா ஃபோட்டோவில் மூக்குக் கண்ணாடி போடக் கூடாதாம். கண்ணாடி இல்லாமல் என் முகம் எனக்கே அடையாளம் தெரியாது, அந்த ஆபீசருக்குத் தெரிந்தால் சரி.