வாடகைக்கு இருப்பவருக்கும் ஒரு கட்டில் வேண்டும்

நடுவர் அவர்களே, எதிரணியில் எனக்கு முன்னால் பேசி கைதட்டலை அள்ளிக்கொண்டு போன நண்பர்களே, பொங்கல் விழாவுக்குக் குடும்பத்தோடு வந்து இந்த அரங்கை நிறைத்திருக்கும் பெங்களூர்த் தமிழர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

'நாகசந்திராவில் ஐகியா வந்தது பெங்களூர்க் குடும்பங்களுக்கு நன்மையா, உள்ளூர்த் தொழிலுக்குக் கேடா?' இதுதான் தலைப்பு. ஐகியா என்றால் சுவீடனில் பிறந்த ஃபர்னிச்சர் கம்பெனி, நம் ஊர் துமகூரு ரோட்டு நாகசந்திராவில் பெரிய கடை போட்டிருக்கிறது. நன்மை என்று பேச வந்திருக்கிறேன். வாதத்துக்குள் போவதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை. இந்த அரங்கில் வாடகை வீட்டில் இருப்பவர்கள் கொஞ்சம் கையைத் தூக்குங்கள் பார்ப்போம். நடுவர் அவர்களே, நீங்களே பாருங்கள். இந்தக் கைகளுக்காகத்தான் நான் பேசப்போகிறேன். எதிரணியில் மூன்று பேர் பேசினார்கள், தச்சரைப் பற்றிப் பேசினார்கள், தேக்கைப் பற்றிப் பேசினார்கள், தாத்தா வீட்டு ஊஞ்சலைப் பற்றி உருகிப் பேசினார்கள். வாடகைக்கு இருப்பவரைப் பற்றி ஒரு வார்த்தை வந்ததா?

இந்த ஊர் எப்படி வளர்ந்தது என்று உங்களுக்குத் தெரியும். 2001 கணக்கெடுப்பில் பெங்களூர்ப் பெருநகரப் பகுதியில் 57 லட்சம் பேர். 2011ல் 85 லட்சம். பத்தே வருடத்தில் கூடிய அந்த 28 லட்சத்தில் ஏராளமானோர் சேலத்திலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் ராய்ச்சூரிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஒரு பெட்டியோடு வந்து இறங்கியவர்கள். வந்தவர் முதலில் எதைச் சந்திக்கிறார்? அட்வான்ஸ். இந்த ஊரில் பத்து மாத வாடகை வரைகூட அட்வான்ஸாகக் கேட்பார்கள். 25,000 ரூபாய் வாடகை என்றால் இரண்டரை லட்சம், வட்டியில்லாமல் வீட்டுக்காரர் கையில் போய் உட்கார்ந்துகொள்ளும். அக்ரிமெண்ட் 11 மாதம். காலி பண்ணும்போது பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வார்கள். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுவார்கள். இவ்வளவும் கொடுத்துவிட்டுச் சாவியை வாங்கி உள்ளே போனால் நான்கு சுவரும் ஒரு மின்விசிறியும் இருக்கும், சில வீட்டில் மின்விசிறியும் இருக்காது. முதல் மாதம் பாயில் படுப்பார்கள், சாப்பாட்டுத் தட்டைத் தரையில் வைத்துச் சாப்பிடுவார்கள், வேலை வீட்டிலிருந்தே என்றால் லேப்டாப்பைக் காலி அட்டைப்பெட்டி மேல் வைத்துக்கொண்டு முதுகு ஒடிய உட்கார்ந்திருப்பார்கள். அவரிடம் போய், நல்ல தச்சரைப் பிடித்துத் தேக்கில் செய்துகொள் என்று எதிரணி நண்பர் சொல்கிறார். எந்தத் தச்சரை? ஊருக்குப் புதிதாக வந்தவருக்கு அடுத்த தெருவே தெரியாது. சரி, ஒருவரைக் கண்டுபிடித்தாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். பாதிப் பணம் முன்னால் கொடுக்க வேண்டும், மரத்தின் தரம் நமக்குத் தெரியாது, அடுத்த வாரம் என்பார், அதற்கு அடுத்த வாரம் என்பார். தச்சரைக் குறை சொல்லவில்லை, அவரும் நான்கு வேலையை ஒன்றாக எடுத்தால்தான் அவருக்கு மாதம் ஓடும். ஆனால் அவர் செய்யும் அலமாரி அந்தச் சுவருக்கு அளவெடுத்துச் செய்யும் அலமாரி. 11 மாதம் கழித்து வீட்டைக் காலி செய்யும்போது அதைப் பெயர்த்துக்கொண்டு போக முடியுமா? வீட்டுக்காரருக்குத் தானமாகக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

அப்புறம் ஃபர்னிச்சர் கடை. இந்த ஊர்க் கடை ஒன்றில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். உள்ளே நுழைந்ததும் கடைப் பையன் முதலில் என் செருப்பைப் பார்த்தார், அப்புறம் மனைவியின் கையிலிருந்த மஞ்சள் பையைப் பார்த்தார். 'பட்ஜெட் எவ்வளவு சார்?' கட்டிலில் விலை எழுதியில்லை. எந்தக் கட்டிலிலும் எழுதியில்லை. நாம் ஒரு தொகை சொன்னால் அதற்குக் கொஞ்சம் மேலே ஒரு கட்டிலைக் காட்டுவார்கள். தேக்கு என்றார்கள், வாங்கினோம். அடுத்த வீடு மாறும்போது கால் உடைந்தது, உள்ளே பார்த்தால் வேறு ஏதோ மரம், மேலே தேக்கு நிறத்தில் பாலிஷ். போய்க் கேட்கலாம் என்றால் பில் கிடையாது. பில் வேண்டுமென்றால் வரி தனி என்று அன்றைக்கே சொல்லிவிட்டார்கள். இந்த அரங்கில் எத்தனை பேருக்கு இது நடந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

இப்போது நாகசந்திராவுக்கு வாருங்கள். 2022 ஜூன் 22ஆம் தேதி திறந்தார்கள். 12 ஏக்கருக்குச் சற்று அதிகமான இடம், 4,60,000 சதுர அடிக் கட்டிடம், ஆயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிடும் உணவகம். நான் இந்தப் பிரம்மாண்டத்தைப் பற்றிப் பேசவில்லை. அந்தக் கட்டிலில் தொங்கும் ஒரு சின்னச் சீட்டைப் பற்றிப் பேசுகிறேன். அதில் விலை இருக்கிறது. நீளம், அகலம், உயரம் இருக்கிறது. என்ன பலகையால் செய்தது என்று எழுதியிருக்கிறது. மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்யும் துகள் பலகை என்றால் துகள் பலகை என்றே எழுதியிருக்கிறது. சாஃப்ட்வேர் கம்பெனி மேனேஜருக்கும் அதே விலை, அவர் வீட்டில் சமையல் வேலை செய்யும் அக்காவுக்கும் அதே விலை. பேரம் பேசத் தெரிந்தவருக்குக் குறைவாகவும் கன்னடம் தெரியாதவருக்குக் கூடுதலாகவும் சொல்வது அங்கே கிடையாது. பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுப்பதற்கு எழுதி வைத்த விதி இருக்கிறது. சோபாவில் உட்காரலாம், மெத்தையில் படுத்துப் பார்க்கலாம், அரை மணி நேரம் ஒன்றும் வாங்காமல் உட்கார்ந்திருந்தாலும் யாரும் வந்து என்ன வேண்டும் என்று முறைக்க மாட்டார்கள். ஓய்வுபெற்ற தம்பதிகள் பேரக்குழந்தையோடு வந்து சாப்பிட்டுவிட்டு, வீடு மாதிரி அமைத்து வைத்திருக்கும் அறைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, இரண்டு டம்ளர் வாங்கிக்கொண்டு போவதை நான் பார்க்கிறேன். அவர்களுக்கும் மரியாதை ஒன்றுதான். இது சின்ன விஷயமா நடுவர் அவர்களே? வாழ்நாள் முழுக்கக் கடைவாசலில் எடைபோடப்பட்டவர்களுக்கு இது சின்ன விஷயமே இல்லை!

முதலில் பேசிய நண்பர், அது ஒரு சுழல்வழி, உள்ளே போனால் தேவையில்லாததை எல்லாம் வாங்கிவிட்டுத்தான் வெளியே வர முடியும் என்றார். வழி நீளம்தான், ஒத்துக்கொள்கிறேன். வேண்டுமென்றேதான் அப்படி அமைக்கிறார்கள், எல்லாப் பொருளும் கண்ணில் படட்டும் என்று. ஆனால் ஆடி மாதத் தள்ளுபடியில் துணிக்கடை ஐந்து மாடியும் ஏறி இறங்குகிறோமே, அங்கே நம்மைக் கட்டுப்படுத்தியது யார்? கையில் சீட்டு எழுதிக்கொண்டு போகிற குடும்பங்கள் இருக்கின்றன, அவர்கள் எழுதியதை வாங்கிக்கொண்டு வருகிறார்கள்.

இப்போது என் முக்கியமான வாதத்துக்கு வருகிறேன். 1956ல் சுவீடனில் அந்தக் கம்பெனியில் வேலை பார்த்த கில்லிஸ் லுண்ட்கிரென் என்பவர் ஒரு மேசையைக் காரில் ஏற்றப் பார்த்தார், ஏறவில்லை, காலைக் கழற்றி வைத்தார் என்று சொல்வார்கள். அன்றிலிருந்து அவர்கள் பொருளைப் பிரித்துத் தட்டையான பெட்டியில் அடைத்து விற்கும் வழக்கத்தைப் பிடித்துக்கொண்டார்கள். லாரியில் காற்றை ஏற்றிக்கொண்டு போக வேண்டாம் என்று அவர்கள் செலவைக் குறைக்கச் செய்த வேலை அது. எனக்குத் தெரியும், நமக்காகச் செய்தது இல்லை. ஆனால் பெங்களூரில் வாடகைக்கு இருப்பவருக்கு அதனால் கிடைத்தது என்ன? மடிவாளாவிலும் எஜிபுராவிலும் மூன்றாவது மாடி வீட்டுக்கு ஏறும் படிக்கட்டைப் பார்த்திருக்கிறீர்களா? ஒருவர் ஏறினால் எதிரே இறங்குபவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். லிஃப்ட் கிடையாது. முழு பீரோவைக் கயிறு கட்டி பால்கனி வழியாகத் தூக்கியிருக்கிறோம், கீழே நிற்பவர் தலையில் விழுந்துவிடுமோ என்று தெருவே வேடிக்கை பார்த்திருக்கிறது. பிரித்த பெட்டியை இரண்டு பேர் படியில் தூக்கிக்கொண்டு போய்விடலாம். திருகை முடுக்கும் ஆலன் கீ என்ற சின்ன வளைந்த கம்பியும் ஒரு ஸ்க்ரூடிரைவரும் இருந்தால் கணவனும் மனைவியுமே உட்கார்ந்து மாட்டிவிடலாம். அடுத்த வீட்டுக்குப் போகும்போது கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம். வீடு மாறினாலும் மேசை நம்மோடு வருகிறது.

உடனே எதிரணி அம்மா அங்கே சிரிக்கிறார்கள். அந்தப் பலகை தண்ணீர் பட்டால் உப்பிவிடும், இரண்டு தடவை கழற்றினால் திருகு நிற்காது என்று அவர்கள் சொன்னது நினைவிருக்கிறது. உண்மைதான் அம்மா. துகள் பலகை தண்ணீரைத் தாங்காது, திருகு ஓட்டையும் தளரும். ஆனால் அதை இந்த ஊருக்குக் கொண்டுவந்தது ஐகியா என்பது போலப் பேசினீர்களே, அதை நான் ஏற்க மாட்டேன். நம் ஊர்க் கடைகளில் விற்கும் கம்ப்யூட்டர் மேசை, டிவி ஸ்டாண்டு, ஷூ ரேக் எல்லாம் பல வருடமாக எதில் வருகின்றன? அதே துகள் பலகை, மரநாரை அழுத்திச் செய்த அதே எம்டிஎஃப், மேலே ஒட்டிய லாமினேட் தாள். வித்தியாசம், அங்கே மரம் என்று சொல்லி விற்றார்கள், இங்கே சீட்டில் எழுதி விற்கிறார்கள். மரச்சட்டத்திலும் இரும்பிலும் செய்த பொருளும் அதே கடையில் இருக்கிறது, படித்துப் பார்த்து வாங்கலாம்.

தச்சர் விஷயத்தில் எதிரணி சொன்னதை லேசாகத் தள்ள எனக்கு மனம் வராது. இந்த ஊரில் இழைப்புளியும் உளியும் பிடித்த கைகள் நிறைய இருக்கின்றன, ராஜஸ்தானிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்து கட்டடத்திலேயே தங்கி வேலை செய்கிறார்கள், மைசூர் ரோடு டிம்பர் யார்டு பக்கம் போனால் மரத்தூள் வாசனையிலேயே அவர்கள் உழைப்பு தெரியும். அவர்கள் வயிற்றில் அடிக்கும் எதையும் நான் ஆதரிக்க மாட்டேன். ஆனால் காலவரிசையைக் கொஞ்சம் பாருங்கள். இதே பெங்களூரில் 2012ல் தொடங்கிய அர்பன் லேடர், இணையத்தில் ஃபர்னிச்சர் விற்ற கம்பெனி, 2020ல் ரிலையன்ஸ் ரீடெய்ல் கைக்குப் போனது, 182 கோடி ரூபாய்க்கு. நாகசந்திராக் கடை அப்போது திறக்கவே இல்லை, அதன்மேல் பழி போட முடியாது. ஃபர்லென்கோ, ரென்டோமோஜோ என்று கட்டிலையும் சோபாவையும் மாத வாடகைக்கு விடும் கம்பெனிகள் இதே ஊரில் முளைத்தன. ஏன் முளைத்தன? கட்டில் வாங்கவும் முடியாமல், தூக்கிக்கொண்டு அலையவும் முடியாமல் தவித்த வாடகைக் குடும்பங்கள் இங்கே லட்சக்கணக்கில் இருந்ததால்தான். அந்தத் தேவை பல வருடம் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. பழைய கடைகள் திறக்கவில்லை.

தச்சருக்கு வேலை எங்கே இருக்கிறது? சொந்த வீட்டில். சமையலறை கேபினட், பூஜை அறைக் கதவு, சுவரோடு சேர்ந்த அலமாரி, அளவெடுத்துச் செய்யும் எதற்கும் இன்றைக்கும் அவர்தான் வர வேண்டும். பெட்டியில் வரும் மேசை அந்த வேலையைத் தொடவில்லை. 2018 ஆகஸ்ட் 9ஆம் தேதி ஹைதராபாத்தில் இந்தியாவின் முதல் கடையைத் திறந்தபோதே, பொருளை வீட்டில் வந்து மாட்டிக்கொடுக்க வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் அன்றைய அர்பன்கிளாப் கம்பெனியோடு சேர்ந்து ஏற்பாடு செய்தார்கள். மாட்டும் வேலை செய்யும் வேலைக்கு ஈடாகாது என்று எதிரணி சொல்லும். ஈடாகாதுதான், கலை வேறு, பொருத்துவது வேறு. ஆனாலும் அன்றாடக் கூலிக்கு அது ஒரு வழி. அப்புறம் இன்னொன்று, ஒரே பிராண்டுப் பொருளை மட்டும் விற்கும் சில்லறை வியாபாரத்தில் நூறு சதவீத அந்நிய முதலீட்டை 2012ல் அரசு அனுமதித்தபோது, முப்பது சதவீதக் கொள்முதல் இந்தியாவில் செய்ய வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. அதைப் பின்னால் தளர்த்தினார்கள், அது எனக்குப் பிடிக்கவில்லை. இங்கே கடை வருவதற்குப் பல வருடம் முன்பே இந்தக் கம்பெனி இந்தியாவில் துணி வாங்கிக்கொண்டிருந்தது, நம்ம கரூரில் நெய்யும் வீட்டுத்துணி உட்பட. கரூரில் நெய்த திரைச்சீலை உலகம் முழுக்கத் தொங்கலாம், பெங்களூரில் மட்டும் தொங்கக் கூடாதா?

கூட்டம், நெரிசல் என்றார்கள். திறந்த முதல் வார இறுதியில், நாகசந்திராவில் காத்திருக்கும் நேரம் மூன்று மணி என்று கம்பெனியே அறிவித்தது, அது உண்மை. புதுக்கடைக்கு வரும் கூட்டம் அது. ஆனால் துமகூரு ரோட்டில் அந்த இடத்துக்குப் போக கார் தேவையில்லை, கடைக்குப் பக்கத்திலேயே பச்சை வழித்தட மெட்ரோ நிலையம். ஜெயநகரிலிருந்து ஒரே ரயிலில் போய்விடலாம். ஒயிட்ஃபீல்டு ஆட்களுக்கு அலைச்சல்தான், அதை மறைக்க மாட்டேன். குக்கர் மூடி வைக்கும் தட்டும், துணி காயப்போடும் ஸ்டாண்டும், குழந்தை படிக்க ஒரு சின்ன மேசையும் வாங்க நினைக்கும் குடும்பம் ரயிலேறிப் போகலாம், பெரியதை வீட்டுக்கு அனுப்பச் சொல்லலாம்.

கடைசியாகப் பேசிய நண்பர் என்னைப் பார்த்து, நாளைக்கே சொந்த வீடு கட்டினால் எங்கே போவாய் என்று கேட்டார். நிச்சயமாகத் தச்சரைத்தான் கூப்பிடுவேன். வாசல் நிலைக்கதவுக்கு நல்ல மரம் எடுத்து, அவர் கேட்கும் கூலியைக் குறைக்காமல் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து அவர் இழைப்பதைப் பார்ப்பேன். அந்த நாள் வருகிறவரைக்கும் இங்கே கை தூக்கினார்களே, அத்தனை பேரும் தரையில் படுக்க வேண்டுமா? பழைய கடைக்காரர்களிடம் என் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். நீங்களும் கட்டிலில் ஒரு சீட்டைத் தொங்கவிடுங்கள், விலையை எழுதுங்கள், என்ன மரம் என்று எழுதுங்கள், பில் கொடுங்கள். நாகசந்திரா வரைக்கும் நாங்கள் ஏன் போகப்போகிறோம்? சீட்டு தொங்குகிறவரைக்கும் தீர்ப்பை எங்கள் அணிக்குத் தர வேண்டும் என்று நடுவரைக் கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.