நுரை நிற்க வேண்டிய இடம், உடைய வேண்டிய இடம்

வணக்கம். பழைய எண்ணெய் வயலில் மிஞ்சிய எண்ணெயை நுரையின் உதவியால் வெளியே கொண்டுவருவது பற்றித்தான் இன்றைய பேச்சு. யாங்கோன் பக்கத்துத் தன்லினை இன்னும் சிரியம் என்றே சொல்லும் பெரியவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். அங்கே பர்மா ஆயில் கம்பெனியின் சுத்திகரிப்பு ஆலையில் தெலுங்கரும் தமிழருமாக நம் ஆட்கள் வேலை பார்த்தார்கள். எண்ணெய் வந்தது ஐராவதிக் கரையிலுள்ள ஏனாஞ்சாங் பக்கத்திலிருந்து. பிரிட்டிஷார் வருவதற்கு முன்பே அங்கே கையால் கிணறு தோண்டி எண்ணெய் இறைத்தார்கள். 1942 ஏப்ரலில் ஜப்பானியப் படை நெருங்கியதும், பிரிட்டிஷாரே அந்த எண்ணெய் வயலைத் தகர்த்துவிட்டுப் பின்வாங்கினார்கள்.

அவ்வளவு பழைய வயலில் இன்னும் என்ன மிச்சம் இருக்கும் என்று பலர் கேட்கிறார்கள். உலகத்தில் எந்த வயலை எடுத்தாலும், பெரும்பாலும் பாதிக்கு மேல் எண்ணெய் பாறைக்குள்ளேயேதான் கிடக்கிறது. அழுத்தம் குறைந்துவிடும், தண்ணீர் விட்டுத் தள்ளினாலும் பாறையின் நுண்துளைகளில் எண்ணெய் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

அதை வெளியே கொண்டுவர ஒரு வழி, கார்பன் டை ஆக்சைடைக் கீழே செலுத்துவது. டெக்சாஸில் 1972 முதலே பெரிய அளவில் செய்கிறார்கள். 31 டிகிரி செல்சியஸ் வெப்பத்துக்கும், 74 பார் அழுத்தத்துக்கும் (நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய 74 மடங்கு) மேலே போனால் இந்த வாயு திரவம் போல அடர்த்தியாகிவிடும். எண்ணெயில் கரைந்து அதை உப்பவைத்து இளக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அடர்த்தியான பிறகும் அது தண்ணீரைவிடப் பல மடங்கு இளக்கமாக ஓடும் பொருள். இறுக்கமான பாறையைச் சீந்தாமல், சுலபமாக வழிவிடும் அடுக்கு வழியாகவே ஓடிவிடும். எடை குறைவு என்பதால் மேலேயும் ஏறிவிடும். ஒரு கிணற்றில் செலுத்தியது, எண்ணெயைத் தொடாமலே அடுத்த கிணற்றில் வந்து நிற்கும்.

அதனால்தான் நுரை. சர்ஃபாக்டன்ட் என்னும் சோப்பு வகை கலந்த தண்ணீரோடு வாயுவைச் செலுத்தினால், பாறைத் துளைகளின் குறுக்கே மெல்லிய நீர்ப்படலங்கள் உண்டாகும். ஒவ்வொரு படலமும் வாயுவுக்கு ஒரு தடை. நன்றாக வழிவிடும் அடுக்கில்தான் நுரை அதிகம் கட்டும். அந்த வழி அடைபட, வாயு இதுவரை எட்டிப் பார்க்காத பாறைக்குள் திரும்பும்.

சரி, நுரை எப்படி நிலைக்கும்? சோதனைக் கூடத்தில் கண்ணாடி ஜன்னல் வைத்த உயர் அழுத்தக் கலத்தில் பார்த்தால் சங்கதி புரியும். முதலில் பொடிப்பொடிக் குமிழிகள். கொஞ்ச நேரத்தில் சின்னக் குமிழி சுருங்கிக் காணாமல் போக, பக்கத்துப் பெரிய குமிழி இன்னும் ஊதும். இந்த வாயு தண்ணீரில் தாராளமாகக் கரைவதால், படலம் வழியாகச் சின்னதிலிருந்து பெரியதுக்கு ஊறிப் போகிறது. நைட்ரஜன் நுரையில் இவ்வளவு வேகம் இல்லை. இதற்கிடையில் படலத்து நீர் வடிந்து, மெலிந்து, உடையும். பாலிமர் என்னும் நீளமான மூலக்கூறுப் பொருளைச் சேர்த்தால் நீர் கெட்டிப்பட்டு வடிவது தாமதமாகும். சிலிக்கா நானோ துகள்கள், அதாவது மணலின் பொருளாலான மிக மிக நுண்ணிய துகள்கள், இன்னொரு வழி. சோப்பு மூலக்கூறு பரப்பில் வரும், போகும். துகளோ ஒருமுறை ஒட்டினால் எளிதில் பெயராது.

பாறையும் சோப்பைத் தின்னும். வழக்கமான சோப்புகளுக்கு எதிர்மின்னூட்டம். சுண்ணாம்புப் பாறையின் பரப்போ பெரும்பாலும் நேர்மின்னூட்டம் உள்ளது, அதனால் அங்கே இழப்பு அதிகம். நிலத்தடி நீரின் உப்பு வேறு தொல்லை. எந்தப் பாறைக்கு எந்தச் சோப்பு என்று பார்ப்பதில்தான் பாதி உழைப்பு போகிறது.

கடைசி எதிரி எண்ணெயேதான். எண்ணெய்ச் சட்டி கழுவும்போது நுரை செத்துப்போவதைப் பார்த்திருப்பீர்களே, அதே கதை. பலர் இதைக் குறையாகவே எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எண்ணெய் போய்விட்ட பாறையில் நுரை நின்று அடைக்க, எண்ணெய் இருக்கும் இடத்தில் உடைந்து வழிவிட்டால் நமக்கு லாபம்தானே? எங்கேயும் உடையாத நுரையைச் செய்துவைத்தால், செலுத்தும் கிணற்றின் வாயையே அது அடைத்துவிடும்.

இது ஏனாஞ்சாங்குக்கு ஆகுமா? பழைய கைக்கிணறுகள் எட்டிய மேல்மட்ட மணலில் ஆகாது. இந்த வாயு அடர்த்தியாக நிற்கப் பொதுவாக 800 மீட்டருக்குக் கீழே போக வேண்டும். அதற்கும் ஆழமான அடுக்குகள் என்றால் யோசிக்கலாம். ஆனால் எந்தச் சோப்பு என்று கேட்பதற்கு முன்னால், அவ்வளவு கார்பன் டை ஆக்சைடு எந்த ஆலையிலிருந்து, எந்தக் குழாயில் வரும் என்று கேட்க வேண்டும். நன்றி, வணக்கம்.