கேஷ் என்பது காசுதானா?

எல்லாருக்கும் வணக்கம். மேடைக்கு ஏறும் முன் ஒரு பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டு, "கேஷ் நம்ம காசுல இருந்து போன வார்த்தைதானே தம்பி?" என்று கேட்டார். "பாதி சரிங்க ஐயா" என்றேன். மீதியை உட்கார்ந்து கேட்கிறேன் என்று முன்வரிசையில் இடம் பிடித்துவிட்டார்.

ஹோட்டலில் "கேஷா, ஜிபேயா?" என்கிறார்களே, அந்தக் கேஷ் பிரெஞ்சு வழியாக வந்தது. மூலம் லத்தீன் 'கப்சா'. பெட்டி என்று பொருள். 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது கேஷ் என்றால் பணப்பெட்டி. போகப்போக உள்ளே இருந்த பணத்துக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நமக்கு இது புதிதா? தி.நகரில் ராத்திரி ஷட்டரை இறக்கும்போது "இன்னைக்குக் கல்லா எவ்வளவு?" என்கிறார்கள். பெட்டியையா எண்ணுகிறார்கள்? நாம் விழுங்கும் கேப்ஸ்யூலும் கப்சா வீட்டுப் பிள்ளைதான், சின்னப் பெட்டி.

சரி, காசு எங்கே வருகிறது? ஆங்கிலத்தில் அதே எழுத்தில் இன்னொரு கேஷ் இருக்கிறது. போர்ச்சுக்கீசியர் நம் காசைத் தங்கள் நாக்குக்கு ஏற்றபடி 'கைஷா' ஆக்கினார்கள். அவர்கள் மொழியில் கைஷா என்றால் ஏற்கெனவே பெட்டி! பெட்டியும் காசும் ஒரே ஒலியில் வந்து கலந்த இடம் அது. ஆங்கிலேயர் அதைக் கேஷ் என்றார்கள். சீனாவின் ஓட்டைக் காசுக்கும் அந்தப் பெயரையே சூட்டினார்கள். வெண்பாவின் ஈற்றுச்சீருக்கு 'நாள், மலர், காசு, பிறப்பு' என்று வாய்பாடு வைத்தவர்கள் நாம். 'காய்கவர்ந் தற்று' என்று குறள் முடிகிறதே, அந்தத் 'தற்று' என்ற கடைசிச் சீர் 'காசு' வாய்பாடு. அப்படி ஊறிய சொல்தான் கடல் தாண்டியது.

மதராஸில் கும்பினி, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனி, அதன் கணக்கே இதில்தான் ஓடியது. 80 காசு ஒரு 'பணம்' என்ற நாணயம், 42 பணம் ஒரு வராகன் என்ற தங்க நாணயம்.

இதோ, என் கையில் ஒரு செப்புக்காசு. ஒரு பக்கம் கும்பினிச் சின்னமும் 1808ஆம் ஆண்டும். மறுபக்கம் பாரசீக எழுத்து, அதன் கீழே ரோமன் எண்ணில் 20, பக்கத்திலேயே 'கேஷ்'. பர்மிங்காமில் அடித்து மதராஸுக்கு அனுப்பியது. ஏற்றி வந்த 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரம் குட்வின் மணல்திட்டில் மாட்டி மூழ்கிவிட்டது. 1980களில்தான் காசுகளை மேலே எடுத்தார்கள். இங்கே செலவாகியிருக்க வேண்டிய காசு, நூற்றெழுபது வருஷத்துக்கு மேல் உப்புத்தண்ணீரில் கிடந்திருக்கிறது. ஐயா, முதலில் நீங்கள் வாங்கிப் பாருங்கள். அப்புறம் பின்வரிசைக்குக் கொடுங்கள்.