பேட்டரியைக் கொன்றது சிமெண்டுத் தரையா?

[காட்சி: பலகைமேல் ஒரு ஜீப் பேட்டரி]

இந்தப் பலகை என் மாமாவுடையது. பினாங்கு பாலிக் புலாவில் டுரியான் தோட்டம் வைத்திருக்கிறார். பருவம் முடிந்தால் மலையேறும் ஜீப்புக்கு வேலையில்லை. பேட்டரியைக் கழற்றித் தகரக் கொட்டகையில் பலகைமேல் வைத்துவிடுவார். "சிமெண்டுத் தரை சார்ஜை உறிஞ்சிவிடும், தம்பி" என்பார். ஆனால் நான்கு மாதம் கழித்து எடுத்தபோது, பலகைமேல் இருந்த பேட்டரியே செத்துக் கிடந்தது!

அப்படியானால் மாமா சொன்னது பொய்யா? இல்லை, ஒரு காலத்தில் அது உண்மை. ஆரம்பகாலப் பேட்டரிகளுக்கு மரப்பெட்டி, பிறகு கெட்டி ரப்பர் பெட்டி. ஈரத் தரையில் வைத்தால் அவற்றில் ஈரம் ஊறும். அதன் வழியே மின்சாரம் மெல்லக் கசியும். இன்றைய பெட்டி பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக். அதைத் தாண்டித் தரையால் எதையும் உறிஞ்ச முடியாது. பெட்டி மாறிவிட்டது, பேச்சு மட்டும் தலைமுறை தாண்டி வந்திருக்கிறது. எனக்கு இது மிகவும் பிடித்த கதை!

உண்மையான கொலையாளி தலைக்கு மேலே இருந்தது: அந்தத் தகரக் கூரை. வெப்பம் 10 டிகிரி கூடினால், சும்மா இருக்கும் இதுபோன்ற ஈய-அமில பேட்டரியின் சார்ஜ் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் இறங்கும். இறங்கிய நிலையிலேயே விட்டால் ஈயத் தகடுகளில் சல்பேட் படிகம் கெட்டிப்படும்; பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய வலு திரும்பாது. ஆகவே நிழலான, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். மாதம் ஒருமுறை மல்டிமீட்டரில் (வோல்ட் அளக்கும் கருவி) பாருங்கள். 12.6 வோல்ட் இருந்தால் நிறைவு. 12.4க்குக் கீழே போனால் உடனே சார்ஜ் ஏற்றுங்கள்.

[காட்சி: மாடிப்படிக்கு அடியில் சாமி மேடை]

இதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். நம் தொடர் வீடுகளில் மாடிப்படிக்கு அடியில்தான் சாமான் அறை. பக்கத்திலேயே சாமி விளக்கு. அங்கே சார்ஜ் ஏற்றாதீர்கள். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளியேறும். காற்றில் அது 4 விழுக்காடு சேர்ந்தாலே ஒரு பொறி போதும், தீப்பற்றிவிடும்.

திரும்பப் பொருத்தும்போது கண்ணாடியும் கையுறையும் அணியுங்கள். கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ். காரணம், வண்டியின் உடல் முழுவதும் நெகட்டிவோடு இணைந்திருக்கிறது. நெகட்டிவ் கம்பி மாட்டியிருக்கும்போது, பாசிட்டிவை முறுக்கும் ஸ்பேனர் உடலில் பட்டால் பெரும் மின்னோட்டம் பாய்ந்து ஸ்பேனர் பழுக்கக் காய்ந்துவிடும். முதலிலேயே நெகட்டிவைக் கழற்றிவிட்டால், பட்டாலும் ஒன்றும் ஆகாது.

பேட்டரியை அசையாமல் பிடிக்கும் சட்டத்தையும் இறுக்குங்கள். மலைப்பாதைக் குலுக்கலில் தகட்டின் பூச்சு உதிர்ந்துவிடும்.

மாமாவின் பேட்டரி இப்போது வீட்டு வராந்தாவில், நிழலில், அதே பலகைமேல் இருக்கிறது. பலகை இருப்பதில் தவறில்லை. இன்று காலை 12.6 வோல்ட் காட்டியது. உங்கள் வீட்டுப் பேட்டரி எத்தனை காட்டுகிறது? அளந்து, கீழே எழுதுங்கள்.